பழைய மகிழுந்தின் நம்பகத்தன்மை மதிப்பீடு

பழைய மகிழுந்தின் நம்பகத்தன்மை மதிப்பீடு என்பது, முன்னர் பிறர் பயன்படுத்திய ஒரு மகிழுந்தை வாங்குவதற்கு முன்பு, அது இனிமேலும் பெரும் பழுதின்றிப் பாதுகாப்பாக ஓடுமா என்பதை ஆவணச் சரிபார்ப்பு, நின்ற நிலை ஆய்வு, ஓட்டிப் பார்த்தல் ஆகிய மூன்று வழிகளில் கணிக்கும் முறை ஆகும். வண்டியின் வயது, ஓடிய தூரம், வெளித்தோற்றம் ஆகியவை மட்டும் இக்கணிப்புக்குப் போதுமானவை அல்ல. ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்ட இரண்டு மகிழுந்துகள், ஓடிய சாலையையும் பராமரிப்பையும் பொறுத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் முற்றிலும் வேறுபட்ட நிலையில் இருக்கக்கூடும்.

சமவெளியில் வண்டி பழுதானால் பெரும்பாலும் பணமும் நேரமும் மட்டுமே இழப்பாகும். பழனி மலைத்தொடரில் உள்ள தாண்டிக்குடி போன்ற ஊர்களின் மலைப்பாதைகளில் பிரேக் பழுது உயிரிழப்பில் முடியலாம். எனவே மலைப்பகுதியில் ஓடிய அல்லது ஓடவிருக்கும் வண்டிகளுக்கான கூடுதல் சோதனைகள் இக்கட்டுரையில் தனியே தரப்பட்டுள்ளன.

தகவல் ஏற்றத்தாழ்வு

பழைய மகிழுந்துச் சந்தையின் அடிப்படைச் சிக்கல், வண்டியின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்பதே. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதனை விளக்கினார். அமெரிக்கப் பேச்சு வழக்கில் குறைபாடுள்ள மகிழுந்தை "எலுமிச்சை" என்பர். ஆகையால் அவர் கூறிய நிலை "எலுமிச்சைச் சந்தை" என்று அறியப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, நல்ல நிலையில் உள்ள வண்டியின் மதிப்பு 2 இலட்சம் ரூபாய், குறையுள்ள வண்டியின் மதிப்பு 1 இலட்சம் ரூபாய் எனக் கொள்வோம். எது நல்லது என்று அறிய இயலாத வாங்குபவர் இடைப்பட்ட விலையாக 1.5 இலட்சம் தர முன்வருவார். அவ்விலை நல்ல வண்டியின் உரிமையாளருக்குக் கட்டுப்படியாகாது. அவர் விற்காமல் விலகிக்கொள்வார். இவ்வாறு சந்தையில் குறையுள்ள வண்டிகளின் பங்கு கூடிக்கொண்டே போகும். அக்கர்லாஃப் 1967-68இல் இந்தியாவில் தங்கியிருந்தவர். இந்தியக் கடைத்தெருவில் வாங்கிய அரிசியில் கலக்கப்பட்ட கற்களை இல்லத்தரசிகள் பொறுக்கி எடுக்க வேண்டியிருப்பதையும் அவர் அக்கட்டுரையில் குறிப்பிட்டுள்ளார். தகவல் ஏற்றத்தாழ்வு உள்ள சந்தைகளைப் பற்றிய ஆய்வுகளுக்காக 2001ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது.

இதிலிருந்து மதிப்பீட்டின் பொது விதி ஒன்று கிடைக்கிறது. விற்பவரின் சொல்லைவிட, எளிதில் மாற்ற முடியாத சான்றுகளுக்கே அதிக எடை தர வேண்டும். வண்டியைக் கழுவி மெருகேற்றுவது எளிது. பத்து ஆண்டுகளுக்கான பராமரிப்புச் சீட்டுகளைப் புதிதாக உருவாக்குவது கடினம்.

வயதும் தூரமும்

நம்பகத்தன்மைப் பொறியியலில், ஒரு கருவியின் பழுது வீதம் தொட்டி வடிவ வளைகோட்டால் காட்டப்படுகிறது. தொடக்கத்தில் உற்பத்திக் குறைகளால் பழுதுகள் மிகுதியாகவும், இடைக்காலத்தில் குறைவாகவும், இறுதியில் தேய்மானத்தால் மீண்டும் மிகுதியாகவும் இருக்கும். மகிழுந்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் இவ்வளைகோடு வேறானது. பழைய வண்டியில் சில பாகங்கள் இறுதிக்கட்டத்திலும், அண்மையில் மாற்றப்பட்டவை தொடக்கத்திலும் இருக்கும்.

பாகங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

- தூரத்தால் தேய்பவை: கிளட்ச் தட்டு, பிரேக் பேடு, பிஸ்டன் வளையங்கள், சக்கர பேரிங், ஷாக் அப்சார்பர்.
- காலத்தால் கெடுபவை: ரப்பர் குழாய்கள், ஆயில் சீல்கள், டைமிங் பெல்ட், பிரேக் ஆயில், பாட்டரி, டயர்.

எனவே "பதினைந்து ஆண்டுகளில் இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது" என்பது தன்னளவில் நற்சான்று ஆகாது. நெடுங்காலம் நின்ற வண்டியில் ரப்பர் வெடித்திருக்கும், எரிபொருள் தொட்டி உட்புறம் துருப்பிடித்திருக்கும், எலிகள் மின்கம்பிகளைக் கடித்திருக்கும். இந்தியாவில் 2025 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக விற்கப்படுகிறது. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பல வண்டிகள் இக்கலவைக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஆகையால் பழைய பெட்ரோல் வண்டிகளின் எரிபொருள் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் தனியே பார்க்க வேண்டும்.

தூரமானியைப் பின்னோக்கித் திருத்துவது பழைய மோசடி; மின்னணு தூரமானிகளும் இதற்கு விலக்கல்ல. கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் தேய்வு, ஸ்டீயரிங்கின் வழவழப்பு, ஓட்டுநர் இருக்கையின் தொய்வு ஆகியவை தூரமானி காட்டும் எண்ணுடன் பொருந்த வேண்டும். பழைய பராமரிப்புச் சீட்டுகளில் உள்ள கிலோமீட்டர் எண்கள் வரிசையாகக் கூடிக்கொண்டு வருகின்றனவா என்று பார்ப்பது இன்னும் உறுதியான வழி.

ஆவணச் சரிபார்ப்பு

வண்டியைப் பார்க்கும் முன்பே ஆவணங்களைப் பார்ப்பது நல்லது. ஆவணம் சரியில்லாத வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் வாங்கத் தக்கதன்று.

- பதிவுச் சான்று (ஆர்.சி.): இதில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்களுடன் ஒத்திருக்க வேண்டும். பொறிப்பைச் சுற்றிச் சுரண்டிய அல்லது பற்றவைத்த அடையாளம் இருந்தால் வண்டியைத் தவிர்க்க வேண்டும்.
- பதிவுக் காலம்: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டுகளைக் கடந்த மகிழுந்துகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.
- கடன் குறிப்பு: வங்கிக் கடனில் வாங்கிய வண்டியாயின், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதமும் படிவம் 35உம் தேவை.
- காப்பீடு: கடந்த ஆண்டுகளின் இழப்பீட்டுக் கோரிக்கைகள் விபத்து வரலாற்றைக் காட்டும்.
- அபராத நிலுவை: பதிவெண்ணைக் கொண்டு இணையத்தில் போக்குவரத்து அபராதங்களைப் பார்க்கலாம்.
- வெளிமாநில வண்டி: தடையின்மைச் சான்று (படிவம் 28) பெறுவதுடன், தமிழ்நாட்டில் செலுத்த வேண்டிய வரியையும் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

விற்பனைக்குப் பின் படிவம் 29, 30 ஆகியவற்றின் வழியாகப் பெயர் மாற்றம் செய்யப்பட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாற்றாமல் வண்டியைக் கைமாற்றுவது இருவருக்கும் கேடு. வண்டி பலமுறை கைமாறியிருந்தாலும், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நின்ற நிலையில் ஆய்வு

ஆய்வைப் பகல் வெளிச்சத்தில், மழை இல்லாதபோது, சமதளத்தில் செய்ய வேண்டும். ஈரமான வண்டியில் வண்ண வேறுபாடுகள் கண்ணுக்குப் புலப்படா.

உடற்பகுதி: கதவுகள், பானெட், டிக்கி ஆகியவற்றின் இடைவெளிகள் இருபுறமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பானெட், கதவு ஆகியவற்றின் போல்ட் தலைகளில் வண்ணம் பெயர்ந்திருந்தால் அவை கழற்றி மாட்டப்பட்டவை. துணி சுற்றிய சிறு காந்தத்தை இரும்புத் தகட்டின் மீது வைத்துப் பார்க்கலாம். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. பம்பர் நசுங்குவது பெரிய குறையன்று. சேசிஸ் வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தால் அது விலக்க வேண்டிய வண்டி.

வெள்ளச் சேதம்: 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்சாம் புயல் மழையிலும் ஏராளமான மகிழுந்துகள் நீரில் மூழ்கின. இத்தகைய வண்டிகள் தூய்மை செய்யப்பட்டு வேறு மாவட்டங்களில் விற்பனைக்கு வரக்கூடும். இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்து அதன் அடிப்பகுதியில் சேற்றுக்கறை உள்ளதா எனப் பார்ப்பது எளிய சோதனை. இருக்கைத் தண்டவாளத்தில் துரு, முகப்பு விளக்கினுள் நீராவிப் படலம், தரைவிரிப்பின் அடியில் மக்கிய வாடை ஆகியவையும் அடையாளங்கள். நீரில் மூழ்கிய வண்டியின் மின் இணைப்புகள் பல மாதங்கள் கழித்துப் பழுதாகும் என்பதால் இதைத் தவிர்ப்பதே நன்று.

டயர்: டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 3518 என்றால் 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் சக்கர அமைப்பிலோ சேசிஸிலோ கோணல் இருக்கலாம்.

எஞ்சின்: வண்டியைப் பார்க்கச் செல்லும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், கிளப்பும்போது வெளிப்படும் குறைகள் மறைந்துவிடும். பானெட்டைத் தொட்டுப் பார்த்தால் இது தெரியும். ஆயில் மூடியின் உட்புறம் பால் போன்ற படிவு இருந்தால் எஞ்சின் ஆயிலில் நீர் கலந்துள்ளது. ஹெட் கேஸ்கெட் கெட்டிருக்கலாம். ஆனால் கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் பனிநீர் படிந்தும் மூடியில் சிறிது படிவு உண்டாகும். அளவுகோலில் எடுக்கும் ஆயிலும் பால்நிறமாக இருப்பதோ, ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் மிதப்பதோ உறுதியான சான்று. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

எச்சரிக்கை விளக்குகள்: சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின், ஆயில், ஏர்பேக் விளக்குகள் எரிந்து, எஞ்சின் கிளம்பியபின் அணைய வேண்டும். ஒரு விளக்கு எரியவே இல்லையெனில் அது பழுதை மறைக்க நீக்கப்பட்டிருக்கலாம். கணினிக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் சிறு ஸ்கேனர் கருவியை இணைத்துப் பழுதுக் குறியீடுகளைப் படிக்கலாம். குறியீடு எதுவும் இல்லாமல், தற்சோதனைகள் "நிறைவுறவில்லை" என்று கருவி காட்டினால், குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

ஓட்டிப் பார்த்தல்

புகையின் நிறம் எஞ்சினின் உள்நிலையைக் காட்டும். நீலப்புகை ஆயில் எரிவதையும், கரும்புகை எரிபொருள் மிகுதியையும், எஞ்சின் சூடான பின்னும் தொடரும் அடர்ந்த வெண்புகை குளிர்விப்பு நீர் சிலிண்டருக்குள் கசிவதையும் குறிக்கும். ஐயம் இருந்தால் பட்டறையில் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கச் சொல்லலாம். சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருப்பின் எஞ்சின் வேலை நெருங்கிவிட்டது எனலாம்.

கிளட்சைச் சோதிக்க, மேல் கியரில் மெதுவாகச் செல்லும்போது ஆக்சிலேட்டரை நன்கு அழுத்த வேண்டும். எஞ்சின் இரைச்சல் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

பிரேக்கை முதலில் வண்டி நின்றிருக்கும்போதே சோதிக்க வேண்டும். எஞ்சின் ஓடுகையில் மிதியை ஒரே அளவாக அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க, அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரிலோ குழாயிலோ கசிவு உள்ளது. மிதி பஞ்சு போல அமிழ்ந்தால் குழாயில் காற்று உள்ளது. பின்னர் ஆளில்லாத சமசாலையில் குறைந்த வேகத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

மலைப்பாதை வண்டிகள்: தாண்டிக்குடி

தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில், கீழ்ப்பழனி மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த ஊராகும். காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை ஆகியவை இப்பகுதியின் பயிர்கள். காப்பி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையம் இங்குள்ளது. ஊரிலிருந்து ஒரு மலைப்பாதை வத்தலக்குண்டு பக்கம் சமவெளிக்கு இறங்குகிறது. மற்றொன்று பண்ணைக்காடு, பெருமாள்மலை வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறுகிறது. இங்கு ஓடும் வண்டிகளை மதிப்பிடுகையில் பின்வருவனவற்றைக் கருத வேண்டும்.

தூரமானியின் குறை: மலையேற்றத்தில் வண்டி பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கியர்களில் செல்கிறது. வழக்கமான ஐந்து கியர் மகிழுந்தில், ஒரே தூரத்தைக் கடக்க ஐந்தாம் கியரைவிட இரண்டாம் கியரில் எஞ்சின் இரண்டு மடங்குக்கும் மேல் சுழல வேண்டும். ஆகவே மலையில் ஓடிய 40,000 கிலோமீட்டரும் நெடுஞ்சாலையில் ஓடிய 40,000 கிலோமீட்டரும் ஒன்றல்ல. கிளட்ச், பிரேக், சக்கர பேரிங் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். தோட்டத்து மண்பாதையில் ஓடிய வண்டியாயின் அடிப்பகுதியில் கல் மோதிய தழும்புகளையும், ஈரத்தால் வந்த துருவையும், பிரேக் குழாய்களையும் பட்டறையில் உயர்த்திப் பார்ப்பது தேவை.

உயரமும் எஞ்சினும்: 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 விழுக்காடே. டர்போ இல்லாத எஞ்சின் அங்கு ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலை இழக்கும். சமவெளியில் சமாளிக்கும் தேய்ந்த எஞ்சின், நான்கு பேருடன் மலையேறும்போது திணறுவதற்கு இதுவே காரணம். பழைய மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில், காற்று அடர்த்தி குறைவதால் மலைமேல் சிறிது கரும்புகை வருவது எஞ்சின் பழுது ஆகாது. சமவெளியிலும் அது தொடர்ந்தால்தான் பழுது.

சூடேற்றம்: உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது நீரின் கொதிநிலை மூன்று பாகை செல்சியசுக்குச் சற்று மேல் குறையும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்காவிட்டால் ஏற்றத்தில் நீர் கொதித்துவிடும். மலையேறி நிறுத்தியவுடன் வெப்பமானி, விசிறி, நீர்க்கசிவு மூன்றையும் பார்க்க வேண்டும்.

இறக்கமும் பிரேக்கும்: 1,000 கிலோகிராம் எடையுள்ள மகிழுந்து 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 9.8 மெகாஜூல் ஆற்றலை இழக்க வேண்டும். இது 29 லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து 100 பாகை வரை சூடாக்கப் போதுமானது. நியூட்ரலில் இறங்கினால் இவ்வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக்கிலேயே சேரும். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சின் அதன் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயிலுக்கு வரையறுக்கப்பட்ட குறைந்த அளவு கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 பாகை. ஈரம் ஏறியபின் 140 பாகை மட்டுமே. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பி, மிதி தரைவரை இறங்கியும் பிரேக் பிடிக்காது. சமசாலையில் குறையேதும் காட்டாத வண்டி, நீண்ட இறக்கத்தின் பாதியில் பிரேக் இழப்பது இவ்வாறுதான்.

எனவே, பிரேக் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லாத வண்டியை மலைப்பாதையில் சோதித்துப் பார்க்கக் கூடாது. முதலில் சமவெளிச் சோதனை, அடுத்துப் பட்டறையில் ஆயில் மாற்றம், அதன்பின் சிறு ஏற்ற இறக்கம் என்ற வரிசையே பாதுகாப்பானது. இறக்கத்தின் முடிவில் கருகிய வாடை வருகிறதா, மிதியின் ஆழம் கூடியுள்ளதா என்று பார்க்க வேண்டும். கைப்பிரேக் மட்டும் கொண்டு சரிவில் வண்டி நிற்கிறதா என்பதும் முக்கியம்.

காப்பித் தோட்டப் பகுதிகளில் பழைய ஜீப்புகளும் விற்பனைக்கு வருவதுண்டு. இவற்றில் நான்கு சக்கர இயக்கம் உண்மையில் இணைகிறதா என்பதை மண்பாதையில் சோதிக்க வேண்டும். பல கைகள் மாறி எஞ்சின் மாற்றப்பட்ட ஜீப்புகளில், அம்மாற்றம் பதிவுச் சான்றில் ஏற்றப்பட்டிருப்பது கட்டாயம்.

விலை மதிப்பீடு

பழைய வண்டியின் உண்மை விலை, கேட்கும் விலையுடன் உடனடிப் பழுதுச் செலவு, பெயர் மாற்றம், காப்பீடு, பதிவுப் புதுப்பிப்பு ஆகியவற்றைக் கூட்டிய தொகையாகும். டயர், பாட்டரி, பிரேக் பேடு, கிளட்ச் ஆகியவை தேய்ந்திருப்பது விலையைக் குறைத்துப் பேசுவதற்கான காரணம் மட்டுமே. சேசிஸ் சேதம், வெள்ளச் சேதம், எண் முரண்பாடு, நீர் கலந்த எஞ்சின் ஆயில் ஆகியவை விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காமைக்கான காரணங்கள்.

பாதுகாப்புக் கருவிகளும் மதிப்பில் சேரும். இந்தியாவில் எல்லாப் புதிய மகிழுந்துகளுக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை முதலும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய வண்டிகளில் இவை இருக்கும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்வது பரிந்துரைக்கப்படுகிறது. அவ்வாறு பார்க்க விற்பவர் மறுத்தால், அம்மறுப்பையே ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் 1960 முதல் மகிழுந்துகளுக்குக் காலமுறைச் சோதனை நடைமுறையில் உள்ளது. பழைய சோதனை முடிவுகளைப் பதிவெண் கொண்டு எவரும் இணையத்தில் பார்க்கலாம். செருமனியில் பயன்பாட்டிலுள்ள மகிழுந்துகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்கப்படுகின்றன, ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் வண்டி வகை வாரியாகப் பழுதுப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. இலங்கைக்குச் சப்பானிலிருந்து பயன்படுத்திய மகிழுந்துகள் பெருமளவில் இறக்குமதியாகின்றன. அங்குள்ள வாங்குபவர்கள் சப்பானிய ஏல மையத்தின் தர அறிக்கையைக் கேட்டுப் பெறுவது வழக்கம். 2020இல் விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை 2025 பிப்ரவரியில் தனியார் வண்டிகளுக்கு நீக்கப்பட்டது.

இந்தியாவில் தனியார் மகிழுந்து முதல் 15 ஆண்டுகளில் புகைச் சோதனை தவிர வேறு கட்டாயத் தகுதிச் சோதனைக்கு உட்படுவதில்லை. ஆகையால் இங்கு ஒரு பழைய வண்டியின் பிரேக்கும் சேசிஸும் எந்நிலையில் உள்ளன என்பதை, பல நேரங்களில், வாங்குபவரே முதன்முதலாக ஆராய்கிறார்.

இவற்றையும் பார்க்க

- மகிழுந்து
- மோட்டார் வாகனச் சட்டம், 1988
- தகவல் ஏற்றத்தாழ்வு
- பழனி மலைகள்
- தாண்டிக்குடி